பூனை இல்லாத பூனைக் கட்டுரை

சென்ற இதழில் பூனைகளின் மார்புக் கட்டியைப் பற்றி வந்த கட்டுரையில் கட்டுரையாளர் வளர்த்த நாய் வருகிறது. அவருடைய உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வருகிறார். பாட்டி வீட்டுக் கொல்லைப்புறம் வருகிறது. இயற்கை பத்திக்குப் பத்தி வருகிறது. பூனை மட்டும் வரவில்லை. பூனையின் ஈரல் எதைச் செரிக்கும், எதைச் செரிக்காது, அதற்கு வரும் கட்டி எந்த வேகத்தில் வளரும், எங்கே பரவும் என்ற கேள்விகளுக்கு அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.

இதை எழுத்துக் குறை என்று விட்டுவிட முடியாது. அவர் தருகிற தவறான யோசனைகள் எல்லாமே இந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்திருக்கின்றன. நாய்க்குப் பொருந்துவதும், பெண்களுக்குப் பொருந்துவதும், மனிதருக்கு ஒத்துக்கொள்ளும் மாத்திரையும் பூனைக்கும் சரிவரும் என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போகிறார். படித்துவிட்டு அதன்படி நடக்கப்போகிறவர்களின் வீட்டில் உயிருள்ள பூனை இருக்கிறது. அதனால்தான் இந்த எதிர்வினை.

முதலில் அவர் வாதத்தை நியாயமாகவே சுருக்கித் தருகிறேன். பூனையின் வயிற்றோரம் கட்டி தென்பட்டால் பதற வேண்டியதில்லை. நாய்களைப் போலவே இதிலும் பாதிக்குப் பாதி தீங்கற்றவை. சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம். கத்தி பட்டால்தான் புற்று பரவும். மஞ்சளும் வேப்பிலையும் கர்ப்பூரமும் அரைத்துப் பூசினால் கரைந்துவிடும். ஓர் இளம் பூனைக்குக் கரைந்ததை அவரே பார்த்திருக்கிறார். கருத்தடை அறுவை இயற்கைக்கு விரோதம். ஒரு முறை குட்டி போட்டுவிட்டால் இந்த நோய் அண்டாது. குட்டி வேண்டாம் என்றால் பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசி போதும். பாட்டி காலத்துப் பூனைகளுக்கு இந்த நோயே கிடையாது. பூனை பெரிதாக வலியை உணர்வதில்லை. மீறி வலித்தால் கால் பாரசிட்டமால். செலவில்லாத யோசனை, பூனையைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாத யோசனை. நம்பிவிட யாருக்கும் ஆசை வரும்.

நாயிலிருந்து தொடங்குவோம். தன் நாயின் கட்டி ஐந்து வருடம் அப்படியே இருந்தது என்கிறார். இருந்திருக்கும். பெண் நாய்களின் மார்புக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி சாதுவானவைதான். கெட்டவற்றிலும் எல்லாமே பரவுவதில்லை. பூனையின் கணக்கு அப்படியல்ல. பூனையின் மார்பில் வரும் கட்டிகளில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை புற்று. சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவி, நிணநீர்க் கணுக்களைப் பிடித்து, அங்கிருந்து நுரையீரலுக்கும் அதைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் ஈரலுக்கும் போவது அதன் வழக்கம். மனிதர்களின் மார்பகப் புற்றில் மிகவும் முரடானது, ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் இல்லாத வகை. அதை ஆராய்கிறவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பூனையின் கட்டியைத் தேடிப் போகிறார்கள் என்றால் இதன் குணத்தைப் புரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட நோய்க்கு நாயின் கணக்கைக் காட்டிப் பொறுமை சொல்கிறார் நம் கட்டுரையாளர். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். பொறுத்துப் பார்க்கப்போவது அடுத்தவர் வீட்டுப் பூனை என்கிறபோது பொறுமை தாராளமாகத்தான் வரும்.

அந்தப் பொறுமைக்கு விலை என்ன? அறுவை முடிந்த பூனைகளைத் தொடர்ந்து கவனித்துக் கால்நடை மருத்துவம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பாதிப் பூனைகளாவது மூன்று ஆண்டுகளைத் தாண்டி வாழ்கின்றன. 2 முதல் 3 சென்டிமீட்டர் என்றால் அது ஏறத்தாழ இரண்டு ஆண்டு. 3 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் நான்கு மாதம் முதல் ஓராண்டுக்குள் முடிந்துவிடுகிறது. நோய் அதேதான், கத்தியும் அதேதான். ஓரிரு சென்டிமீட்டரில் ஆயுள் இப்படி மாறிப்போகிறது. அந்தச் சென்டிமீட்டர்கள் வளர்வதற்குத்தான் கட்டுரையாளர் அவகாசம் கேட்கிறார். வயதான பூனைதானே என்று வேறு ஓரிடத்தில் சமாதானம் சொல்கிறார். இந்த நோய் பெரும்பாலும் 10, 12 வயதில் வருகிறது. சயாமீஸ் இனத்துக்கு இன்னும் இளவயதிலேயே வருவதுண்டு. பத்து வயதுப் பூனைக்கு மூன்று ஆண்டு என்பது அதன் முழு வாழ்நாளில் கிட்டத்தட்ட கால்வாசி. நம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் ஆயுளில் கால்வாசியைப் போனால் போகட்டும் என்று யாரும் எழுதமாட்டோம்.

கத்தி பட்டால் பரவும் என்ற நம்பிக்கை இவர் கண்டுபிடித்ததல்ல. ஊரில் பாதிப் பேரிடம் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பதில் எளிது. பூனைக்கு ஒரு பக்கத்துக்கு நான்காக எட்டுப் பால்சுரப்பிகள். ஒரு பக்கத்துச் சுரப்பிகள் நிணநீர் நாளங்களால் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. முன்னால் இருப்பவை அக்குள் கணுவுக்கும் பின்னால் இருப்பவை தொடையிடுக்குக் கணுவுக்கும் வடிகின்றன. கையில் தட்டுப்படும் கட்டியை மட்டும் நறுக்கி எடுத்தால், தட்டுப்படாதது அந்த வரிசையில் எங்கோ இருக்கிறது. சில மாதத்தில் அது தலைகாட்டும். அதைப் பார்த்தவர்கள் பழியைக் கத்தியின்மேல் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்த வெட்டு போதாமல் போனதுதான் காரணம். அதனால்தான் பூனைக்கு ஒரு பக்கத்து வரிசையை முழுவதுமாக, பல நேரங்களில் இரு பக்கத்தையும் சில வார இடைவெளியில், கணுவோடு சேர்த்து எடுக்கிறார்கள். முழு வரிசையை எடுத்தால் அதே இடத்தில் மீண்டும் வருவது குறைகிறது என்பது 1980-களிலேயே தெரிந்துவிட்ட சங்கதி. சிறு கட்டியை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புகிற மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்று கட்டுரையாளர் குறைப்பட்டிருந்தால் நானும் கூடச் சேர்ந்து குறைப்பட்டிருப்பேன். குறையாக வெட்டியதற்கு வெட்டவே கூடாது என்று அவர் தீர்ப்பு எழுதுகிறார்.

அடுத்து அந்த மஞ்சள் அதிசயம். ஒரு வயதுகூட நிரம்பாத பூனை, முதல் பருவத்தில் கத்தி ஓய்ந்தபின் பால்சுரப்பிகள் திடீரென்று வரிசையாக வீங்கின, மஞ்சள் பற்றுப் போட்டதில் சில வாரத்தில் வடிந்தன என்று விவரிக்கிறார். விவரணைக்கு நன்றி, ஏனென்றால் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. இளம் பூனைகளுக்கும், சினைப் பூனைகளுக்கும், ஹார்மோன் ஊசி போட்ட பூனைகளுக்கும் புரொஜெஸ்ட்ரோன் தூண்டுதலால் பால்சுரப்பிகள் இப்படி அசுர வேகத்தில் வீங்குவதுண்டு. பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அது புற்று அல்ல. ஹார்மோன் இறங்கினால் பல நேரங்களில் தானே வடியும். வடியாவிட்டால் சினைப்பையை எடுத்தோ ஹார்மோனைத் தடுக்கும் மருந்து கொடுத்தோ வடியவைப்பார்கள். அவர் பூனைக்குப் பெரும்பாலும் நடந்திருக்கக்கூடியது இதுதான். திசுவை எடுத்துச் சோதித்துப் பார்க்காமல் புற்று என்று பெயர் வைத்தவரும் அவரே, குணமாயிற்று என்று சான்றிதழ் கொடுத்தவரும் அவரே. பத்து வயதுப் பூனையின் மார்பில் கல்லாக இறுகி நிற்கும் ஒற்றைக் கட்டிக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. அந்தப் பற்றில் இருக்கும் கர்ப்பூரம் பூனைக்கு நஞ்சு; தோல் வழியாகவும் உள்ளே போகும், நக்கினாலும் போகும். பூசியதையெல்லாம் நக்கித் துடைக்கும் பிராணிக்கு மேல்பூச்சு என்று தனியாக ஒன்று கிடையாது. பூனையோடு ஒரு நாள் இருந்தவருக்கும் இது தெரியும்.

ஒரு முறை குட்டி போட்டால் நோய் வராது என்ற வரிக்கு அவர் காட்டும் ஆதாரம் உறவுக்காரப் பெண்மணியிடம் மருத்துவர் சொன்னதாம். பெண்களுக்கு இளவயதில் முதல் பிரசவமும் தாய்ப்பால் கொடுப்பதும் மார்பகப் புற்றின் வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்கின்றன, உண்மை. பூனைக்கு? அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் நோய் வந்த பூனைகளையும் வராத பூனைகளையும் ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்ட ஆய்வில் இதையும் பார்த்தார்கள். குட்டி போட்டதற்கும் போடாததற்கும் நோய் வாய்ப்பில் வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் தெரிந்தது கருத்தடையில். ஆறு மாத வயதுக்குள் கருத்தடை செய்த பூனைகளுக்கு வாய்ப்பு 91 விழுக்காடு குறைந்தது. ஓராண்டுக்குள் என்றால் 86 விழுக்காடு. இரண்டாம் ஆண்டில் செய்தால் வெறும் 11. அதற்குப் பிறகு செய்ததில் இந்த நோயைப் பொறுத்தவரை பயன் தெரியவில்லை. இது பழைய விவரங்களைத் திரட்டி ஒப்பிட்ட ஆய்வு. சோதனை நடத்திப் பார்த்ததல்ல, எனவே இந்த எண்களில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்று வாதாடலாம். வாதாடுகிறவர் பதிலுக்கு ஏதாவது ஓர் எண்ணை மேசையில் வைக்க வேண்டும். நம் கட்டுரையாளர் வைத்தது உறவுக்காரரை.

இந்த எண்கள் சொல்லும் சங்கதி ஒன்று உண்டு. முதல் குட்டி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்பவர் கைநழுவ விடுவது சரியாக அந்தப் பாதுகாப்புக் காலத்தைத்தான். பூனை நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். பகல் நீளத்தைப் பார்த்துப் பருவம் கொள்ளும் பிராணி அது. குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் ஓய்வு கிடைக்கும். பூமத்திய ரேகையை ஒட்டிய நம்மைப் போன்ற இடங்களில் அந்த ஓய்வும் கிடையாது. ஆண்டு முழுவதும் சுழற்சி ஓடும். அத்தனை சுழற்சியும் பால்சுரப்பிகளின்மேல் ஹார்மோனைக் கொட்டிவிட்டுப் போகிறது. பிற்காலத்தில் முற்றிய கட்டிகளோ பெரும்பாலும் ஹார்மோன் ஏற்பிகளை இழந்து, ஹார்மோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தம்பாட்டுக்கு வளர்பவை. விதைப்பதை நிறுத்தினால் பயன் உண்டு. விளைந்தபின் தண்ணீரை நிறுத்திப் பயனில்லை.

கருத்தடைக்குப் பதிலாக அவர் சிபாரிசு செய்யும் ஊசிதான் கட்டுரையின் உச்சம். இயற்கைக்கு விரோதம் என்று அறுவையை மறுத்துவிட்டு, மூன்றே வரி தள்ளி, ஆய்வகத்தில் செய்த புரொஜெஸ்ட்ரோன் மருந்தைப் பூனையின் உடம்பில் ஏற்றச் சொல்கிறார். மெட்ராக்ஸிபுரொஜெஸ்ட்ரோன் ஊசியானாலும் மெஜெஸ்ட்ரால் மாத்திரையானாலும் தொடர்ந்து கொடுத்தால் பூனைக்கு மார்புக் கட்டி வரும் வாய்ப்பு ஏறக்குறைய மும்மடங்காகிறது. கூடவே சர்க்கரை நோய்க்கும் கருப்பையில் சீழ் பிடிப்பதற்கும் வழி திறக்கிறது. புற்றைத் தடுக்க வந்த கட்டுரை, புற்றை வளர்க்கும் மருந்தை எழுதிக்கொடுத்து முடிகிறது. இதைப் படித்தபோதுதான் அவர் எந்த மருந்தின் பெயரையும் தேடிப் பார்க்காமலேயே எழுதியிருக்கிறார் என்று உறுதியானது.

பாட்டி காலத்துக்கு வருவோம். அந்தக் காலத்துப் பூனைகளுக்கு இந்த நோய் இல்லை என்கிறார். அந்தக் காலத்துப் பூனைகளுக்கு முதலில் பத்து வயது ஆயிற்றா? குட்டிகளில் பெரும்பகுதி கழிச்சல் நோயிலும் பட்டினியிலும் போகும். மிஞ்சியது கடுவனோடு சண்டையிலோ, நாய் வாயிலோ, கிணற்றிலோ, வண்டிச் சக்கரத்திலோ போகும். முதுமையில் வருகிற நோய் முதுமை இல்லாத இடத்தில் தென்படாது. ஒரு நாள் பூனை காணாமல் போனால், எங்கேயோ போய்விட்டது என்று சொல்லிவிட்டு அடுத்த குட்டியை வளர்த்தார்கள். செத்த பூனையின் நெஞ்சைத் திறந்து நுரையீரலைப் பார்த்தவர் யார்? சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இலேயே வந்துவிட்டது. மாட்டையும் குதிரையையும் ஓட்டிக்கொண்டு போனவர்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு போனார்களா என்று பாட்டியிடமே கேட்டிருக்கலாம். பார்க்காததை இல்லாதது என்று எழுதுவது பாட்டிக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பூனை வலியை அதிகம் உணராது என்பதும் இதே பார்வைக் குறைபாடுதான். இரையாகவும் ஆகக்கூடிய சிறு வேட்டைப் பிராணி தன் பலவீனத்தைக் காட்டிக்கொள்ளாது. கத்தவில்லை என்பதற்காக வலிக்கவில்லை என்றாகிவிடாது. காது இருபுறமும் சாய்வது, கண் இடுங்குவது, மூக்கும் வாயும் இறுகுவது, மீசை விறைப்பது, தலை தோளுக்குக் கீழே தாழ்வது என்று முகத்தின் ஐந்து குறிகளை வைத்துப் பூனையின் வலியை மதிப்பிடும் அளவுகோலையே கனடாவின் மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2019-இல் வெளியிட்டிருக்கிறார்கள். கட்டி உடைந்து புண்ணாகி, நாற்றமெடுத்து, கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் பூனையை அமைதியாக இருக்கிறது என்று வர்ணிப்பவர் அதன் முகத்தை ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும்.

இனி அந்தக் கால் மாத்திரை. 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு 125 மில்லிகிராம். மூன்று கிலோ பூனைக்கு அது கிலோவுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல். கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே பூனைகளில் நச்சுக்குறிகள் பதிவாகியிருக்கின்றன. முழு மாத்திரை ஒன்று போதும் கொல்வதற்கு. காரணம் பூனையின் ஈரல். பாரசிட்டமாலைக் கட்டிப்போட்டு வெளியேற்றுவதற்கு நமக்கிருக்கும் நொதிகளில் முக்கியமான ஒன்று பூனைக்கு இல்லை. அதற்கான மரபணு, சிங்கம் புலி உட்பட அந்தக் குடும்பத்துக்கே பழுதாகிக் கிடக்கிறது. வெளியேற வழியில்லாத மருந்து இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு பழுப்பேறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு இரைக்கும். கொடுத்தவர் கட்டி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். பூனைக்குத் தரக்கூடிய வலிநிவாரணிகள் இருக்கின்றன. மெலாக்ஸிகாம் உண்டு, ப்யூப்ரெனார்ஃபின் உண்டு. எடையையும் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர் அளந்து தர வேண்டியவை அவை.

கட்டுரையாளர் சொன்னதில் சரியானவையும் உண்டு. நுரையீரல் முழுக்கப் பரவிவிட்ட பூனையை மேசையில் கிடத்தி அறுப்பது வதைதான். அதனால்தான் அறுவைக்கு முன்பே மூன்று கோணத்தில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். கீமோவின் பலன் பூனைகளில் உறுதியாகவில்லை என்பதும் உண்மை. அதற்குப் பயன்படும் டாக்ஸோரூபிசின் பூனையின் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் என்பதும் உண்மை. கடைசிக் கட்டத்தில் வலியைக் குறைத்து மடியில் வைத்துக்கொள்வதோ, வலியின்றி விடைகொடுப்பதோ நியாயமான முடிவு. எல்லோராலும் பெரிய அறுவைக்குப் பணம் புரட்ட முடியாது என்று அவர் சொல்வதையும் மறுக்கவில்லை. பணம் இல்லாதவருக்கு மலிவான வழி ஐந்து மாதத்தில் செய்கிற கருத்தடை. அதையும் அவரே அடைத்துவிட்டார். ஏழைக்காகப் பேசுகிறேன் என்று தொடங்கி, ஏழையால் முடிந்த ஒரே வழியையும் பாவம் என்று எழுதிவிட்டார்.

வாசகர்கள் செய்யக்கூடியது கடினமானதல்ல. மாதம் ஒரு முறை பூனையை மடியில் மல்லாத்திப் போட்டு, அக்குளிலிருந்து தொடையிடுக்கு வரை இரண்டு பக்கமும் விரல் நுனியால் உருட்டிப் பாருங்கள். மிளகு அளவு ஏதேனும் தட்டுப்பட்டாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். எடுத்த கட்டியைக் குப்பையில் போடவிடாமல் திசு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கருத்தடை செய்த பூனையானாலும் தடவிப் பார்ப்பதை விடாதீர்கள். 91 என்பது 100 அல்ல.

கடைசியாக இதழாசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இயற்கை எது, செயற்கை எது என்று கட்டுரையாளரும் நானும் எத்தனை இதழ் வேண்டுமானாலும் மோதிக்கொள்ளலாம். வாசகர்களுக்கும் பொழுது போகும். ஊசியைப் பற்றிய யோசனையை அவர் அடுத்த கட்டுரையில் ஆற அமர மறுபரிசீலனை செய்யட்டும். கால் பாரசிட்டமால் என்ற அந்த வரிக்கு மட்டும் அத்தனை அவகாசம் கிடையாது. பூனைக்குப் பாரசிட்டமால் எந்த அளவிலும் கொடுக்கக் கூடாது, தெரியாமல் கொடுத்திருந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், முறிவுக்கு அசிட்டைல்சிஸ்டீன் இருக்கிறது, ஆனால் தாமதிக்கத் தாமதிக்க அதன் பயன் குறையும் என்று அடுத்த இதழின் முதல் பக்கத்தில், அவர் கட்டுரைக்குப் போட்ட தலைப்பின் அளவிலேயே, திருத்தம் போடுங்கள். என் எதிர்வினைக்கு இடம் இல்லை என்றால் இதைத் தூக்கிவிட்டு அதைப் போடுங்கள்.